அப்பா வெட்டிய விளக்குக் கம்பிகள்

என் அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி கிடையாது, இரத்தக் கொதிப்பு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே வியாதி சுருக்கி எழுதுவது. வெள்ளைக்காரன் காலத்தில் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதப் போனபோது, ஒரு பக்கக் கடிதத்தை நாலு வரியாகச் சுருக்கச் சொன்னார்களாம். அப்பா மூன்றே வரியில் முடித்துவிட்டு எழுந்து வந்தாராம். தலைமைக் குமாஸ்தாவாகி, ஓய்வு பெற்று, தலையில் முடி கொட்டிப் போன பிறகும் அந்த மூன்று வரியின் பெருமை மட்டும் அவரை விட்டுக் கொட்டவில்லை.

வீட்டில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்த சின்னம்மாவுக்குக் கடிதம் எழுத அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லுவார். அயல் வீட்டில் நாய் குட்டி போட்டது, மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள், மழையில் கொடித்துணி நனைந்தது என்று எல்லாம் வரும். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டே எழுதி முடித்து, “இங்கு யாவரும் சுகம்” என்ற ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒருமுறை அம்மா எழுதிக் கொடுத்த கடைச் சீட்டில் பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் என்று இரண்டு இருப்பதைப் பார்த்து, ஒன்றை அடித்துவிட்டு ஜெலுத்தோங் சந்தைக்குப் போனார். அன்று சாம்பார் இல்லை. அம்மா அவரோடு சாயங்காலம்வரை பேசவில்லை.

நான் இளையவள். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கடை வீட்டு மாடியில் இருந்த கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எந்தக் கட்டடம் எப்படிக் கட்டப்பட வேண்டும், கதவு எத்தனை அங்குலம், சுவருக்கு எத்தனை பூச்சு என்று ஆங்கிலத்தில் விவரப் பட்டியல்களை அடித்துத் தள்ளுவதே என் வேலை. நான் அடித்ததில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் பிழை இருக்காது. அலுவலகத்தில் அதற்கு எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தவிர எனக்கென்று அப்போது பெரிதாக வேறு சொத்தும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் சங்க மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போடுவது என்று முடிவானது. இரண்டு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம்தான் மண்டபம். அங்கே கல்யாணம் நடந்தால் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் மை கன்னத்துக்கு வந்துவிடும். குளிர்சாதனம் வந்தால் மேல்தளத்துக்குக் கீழே ஒரு பொய்க் கூரை வேண்டும். எல்லோரும் சீலிங் என்று சொல்லுவார்கள். மேலே கான்கிரீட்டில் இருந்து கம்பிகளில் தொங்கும் மெல்லிய அலுமினியச் சட்டங்கள், அவற்றின் கட்டங்களில் வெள்ளைப் பலகைகள், நடுவில் அங்கங்கே நாலு குழல் விளக்குப் பிடிக்கும் தகரப் பெட்டிகள். அப்பா சங்கத்தின் செயலாளர். புது மண்டபத்தில் நடக்கப் போகும் முதல் கல்யாணம் என் அக்காவுடையது. ஆவணியில் நாள் வைத்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பட்டத்தை வெட்டப் பார்த்த அப்பாவை அம்மா நல்ல வேளையாக அச்சகத்து வாசலிலேயே பிடித்துவிட்டார்.

வேலைக்கு ஆள் கேட்பதற்கு முன் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும். என் முதலாளியிடம் கேட்டு, பழைய பட்டியல் ஒன்றை மாதிரிக்கு வீட்டுக்கு எடுத்து வந்தேன். நாற்பது பக்கம். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்தபோதுகூடக் கண்டதில்லை. சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். நாலு நாளில் நாற்பது பக்கம் பதினொரு பக்கமாகிவிட்டது.

அதை நான் மதிய நேரத்தில் அலுவலகத்தில் அடித்தேன். கீழே நாசி கண்டார் கடையில் குழம்பு மணக்க, மேலே நான் பசியோடு அப்பாவின் சுருக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பக்கத்தில் என் விரல் தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டு நின்றது. அங்கே எப்போதும் ஒரு வரி வரும். எந்த வேலையானாலும் வரும். ஒவ்வொரு விளக்குப் பெட்டியும், சீலிங் சட்டத்தை நம்பியிராமல், எதிரெதிர் மூலைகளில் இரண்டு தனிக் கம்பிகளால் மேலே உள்ள கான்கிரீட் தளத்தில் இருந்து தாங்கப்பட வேண்டும் என்று. அப்பாவின் தாளில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு இருந்தது.

சாயங்காலம் மெல்லக் கேட்டேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கம்பி போடவேணும் எண்டு ஆறாம் பக்கத்திலை இருக்குப் பிள்ளை. சீலிங்குக்குக் கம்பி, லைட்டுக்குக் கம்பி. எல்லாம் அதே கான்கிரீட்டிலை இருந்துதானே வருது? ஒரே விசயத்தை ஏன் ரெண்டு தரம் எழுதவேணும்?”

அந்த வரியை நூறு தடவை அடித்திருந்தேனே தவிர, அது எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவின் தாளில் இருந்தபடியே அடித்து முடித்தேன். பதினொரு பக்கமும் கமிட்டிக்குப் போனது. தலைவர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்து, இவ்வளவு கச்சிதமான பட்டியலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். அப்பா ஒரு வாரத்துக்கு நிமிர்ந்தே நடந்தார்.

ஹொக்கியன் சீன ஆட்கள் வந்து சட்டம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு மின்வேலைக்கு ஒரு வயர்மேன் வந்தார். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருந்தவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வருவார், தலைக் கவசத்தைக் கழற்றி அதற்குள் சாவியைப் போடுவார், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒரு விளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியவர், மேலே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியோடு அப்படியே கீழே இறங்கி வந்தாராம். அன்று மாலை கமிட்டி கூடியபோது வாசலில் வந்து நின்றார். குறிப்பு எடுக்க நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“ஐயா, இந்த லைட்ட சும்மா சட்டத்து மேல தூக்கி வைக்கச் சொல்றாங்க. நான் வைக்க மாட்டேன் லா. ஒவ்வொண்ணும் பத்துக் கிலோ அரிசிப் பைய விடக் கனம். மேலருந்து தனியா ரெண்டு கம்பி வேணும்.”

தலைவர் பட்டியலைப் புரட்டினார். அப்படி எதுவும் அதில் இல்லை என்றார். அதைத்தான் தானும் தேடுவதாக வயர்மேன் சொன்னார். எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், இதில் மட்டும் காணோம், எழுதாததைச் செய்ய அவருடைய முதலாளி தவுக்கே விடமாட்டார், செய்யாமல் விட்டால் நகராண்மைக் கழகத்து அதிகாரி மண்டபத்தைத் திறக்க விடமாட்டார். முப்பத்திரண்டு விளக்கு, அறுபத்து நாலு கம்பி, அறுபத்து நாலு துளை. அதிகாரி வர இரண்டு வாரம். கல்யாணத்துக்கு மூன்று வாரம்.

தலைவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இந்த வரி எப்படி விட்டுப்போனது என்று பொதுவாகக் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய காது இரண்டும் சிவந்துகொண்டு வந்தன. அவருக்குக் கோபம் வந்தால் மூக்குத்தான் சிவக்கும். காது சிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நான் டைப் அடிக்கேக்கை ஒரு வரி விட்டிட்டன்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடம் ஒரு கோப்பில்கூடப் பிழை விடாத மனிதர் என்று அவரை எல்லோரும் சொல்லுவார்கள். அவரும் அதைத்தான் சொல்லுவார், கொஞ்சம் அடிக்கடியே சொல்லுவார். அந்தக் காதுகளை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்தபோது, அவர் உடனே “இல்லை” என்று சொல்லுவார் என்று மனதின் ஒரு மூலையில் நம்பினேன். அவர் சொல்லவில்லை. மேசையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் இங்கே இல்லை என்று தலைவர் பெருமூச்சு விட்டார். கம்பி போடச் சொல்லித் தவுக்கேயிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அன்றிரவே எங்கள் ஆட்கள் நடுவில் நான் ‘வரி விட்ட பிள்ளை’ ஆகிவிட்டேன். கோயிலில் பிரசாதம் வாங்கப் போனால், எனக்கு ஒரு கரண்டி விட்டுப்போயிற்றா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. நானே என் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட பழி, அதை யாரிடம் போய்ச் சொல்லுவது?

அந்த இரண்டு வாரம் அப்பா நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் சுருக்குவதை நிறுத்திவிட்டார். சின்னம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நாய்க்குட்டிகளைப் பற்றி முழுதாக ஒரு பத்தி இருந்தது. கடைச் சீட்டில் அம்மா மறந்துபோன சின்ன வெங்காயத்தை அவரே எழுதிச் சேர்த்தார். காலையில் எனக்கு மட்டும் ரொட்டி சானாய் பொட்டலம் வாங்கி வந்து, என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். கோபம் வேறு, ரொட்டி வேறு.

மண்டபத்தில் வேலை நடந்தது. காகிதத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. செயலாளர்தான் திருத்த வேண்டும். செயலாளர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் குடையும் கையுமாக மண்டபத்துக்குப் போய், எத்தனை துளை போட்டாயிற்று என்று எண்ணிவிட்டு வருவார்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவருக்குத் தேநீர்ப் போத்தல் கொண்டுபோனேன். வயர்மேன் ஏணியின் நடுப்படியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தினமும் கீழே நின்று எண்ணுவதற்குப் பதில் ஒருதரம் மேலே வந்து பார்த்துவிட்டால் நல்லது என்றார். அதில் மரியாதையும் இருந்தது, லேசான கிண்டலும் இருந்தது. அப்பா குடையை என்னிடம் தந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்து ஏணியில் நானும் ஏறினேன். நூறு தடவை அடித்த வரியைக் கண்ணால் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

சீலிங்குக்கு மேலே வேறொரு வீடு இருந்தது. இருட்டு, புழுக்கம், சிமெந்து வாசம். யாரோ குடித்துவிட்டுப் போட்ட, பால் விடாத கோப்பி ஓ பை உறிஞ்சு குழாயோடு ஒரு பலகைமேல் கிடந்தது. வயர்மேன் கைவிளக்கை அடித்துக் காட்டினார். சட்டத்தைத் தாங்கும் கம்பிகள் விறைப்பாக நின்றன. விளக்குப் பெட்டியின் இரண்டு மூலையில் இருந்தும் இரண்டு கம்பி தனியாக மேலே போய்க் கான்கிரீட்டில் அடித்த கொக்கியில் முறுக்கியிருந்தது. அவை கொஞ்சம் தளர்ந்து கிடந்தன. அப்பா ஒரு விரலால் அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

“இது சும்மா எல்லோ தொங்குது, தம்பி? பாரத்தைச் சட்டம்தானே தாங்குது. பிறகு என்னத்துக்கு இது?”

அவர் வீம்புக்குக் கேட்கவில்லை. வேலை செய்யாத ஒரு கம்பி அவருக்கு வேலை செய்யாத ஒரு சொல்லாகத்தான் தெரிந்திருக்கும். வயர்மேன் பல்லில் கவ்வியிருந்த இடுக்கியைக் கையில் எடுத்தார்.

“இன்னைக்கு அதுக்கு வேல இல்ல ஐயா. மேல தண்ணிக் குழாய் ஒடஞ்சு பலக ஊறி, சட்டம் விட்டுப் போச்சுன்னா அன்னைக்கு வேல. அப்ப பலக மட்டும் விழும். லைட்டு கீழ இருக்கறவங்க தலைக்கு வராது.”

அப்பா கீழே பார்த்தார். சீலிங்கில் எடுத்துவைத்த பலகையின் இடைவெளி வழியாக மண்டபத்தின் தரை தெரிந்தது. சரியாக அந்த விளக்குக்குக் கீழேதான் மணவறைக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். அக்கா உட்காரப்போகும் இடம். அப்பா வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். தேநீரைக் குடிக்கவில்லை.

அதிகாரி வந்த நாள் கமிட்டி முழுவதும் சலவைச் சட்டையில் திரண்டு நின்றது. அதிகாரி நடுத்தர வயது மலாய்க்காரர். அவசரப்படாதவர். அங்கங்கே ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார், ஒரு விளக்குப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், தளர்ந்த கம்பி விறைத்து நின்றது. அவர் தலையாட்டினார். நான் மூச்சை விட்டேன். பிறகு தன் கோப்பில் வைக்கப் பட்டியலைக் கேட்டார். வாங்கிப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்று, விளக்குக்குக் கம்பி போட்டிருக்கிறீர்கள், ஆனால் இதில் எழுதவில்லையே, எழுதாததை யார் செய்தது என்று மலாயில் கேட்டார். கோபமாக அல்ல. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தலைவர் சிரித்தபடி கையை என் பக்கம் நீட்டினார். எங்கள் தட்டச்சுப் பிள்ளை செய்த பிழை, ஐயா மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். நான் தரையைப் பார்த்தேன். என்ன செய்ய, வரி விட்ட பிள்ளை அல்லவா?

“அவ விடேல்லை” என்று அப்பாவின் குரல் கேட்டது.

தமிழில் சொன்னது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். அதிகாரியின் பக்கம் திரும்பி, அலுவலகத்தில் பேசிப் பழகிய அந்தப் பழைய ஆங்கிலத்தில், நின்ற நிலையில் சொன்னார். தட்டச்சில் பிழை இல்லை. அந்த வரியை வெட்டியவன் நான். ஒரே விஷயம் இரண்டு தரம் வருவதாக நினைத்தேன். இவள் கேட்டாள், நான் காதில் வாங்கவில்லை. பிறகு பழி இவள்மேல் விழுந்தது, இரண்டு வாரம் நான் வாய் திறக்கவில்லை. எழுதாமலே அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கியவர் அதோ நிற்கும் வயர்மேன். இதில் அப்பா ஒரு சொல்லையும் சுருக்கவில்லை. தலைவரின் கை இன்னும் என் பக்கம் நீண்டபடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதிகாரிக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகவே படவில்லை. பரவாயில்லை அங்கிள், இப்போது எழுதிச் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்து வைத்துக் கொடுங்கள் என்று பட்டியலை நீட்டினார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். மாதிரித் தாளைக் கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு குறி போட்டு, அந்த நீண்ட வரி முழுவதையும் மனதில் இருந்தே எழுதினார். எதிரெதிர் மூலைகளும் வந்தன, தனிக் கம்பிகளும் வந்தன, நம்பியிராமல் என்பதும் வந்தது. இரண்டு வாரமாக அவர் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. வயர்மேன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு பலகையைச் சரி செய்தார்.

கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்ட பிறகு, அப்பா அதை அதிகாரியிடம் கொடுக்காமல் பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

“சரியோ எண்டு பார் பிள்ளை.”

என் வாழ்நாளில் அவர் எழுதியதைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சொல் சொல்லாக வாசித்தேன். கம்பி என்ற சொல்லை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை எழுதியிருந்தார். அவர் கொடுத்த பேனா என் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது.

“எல்லாம் சரி அப்பா” என்று சொல்லி, ஒன்றையும் வெட்டாமல் திருப்பிக் கொடுத்தேன்.